லினக்ஸில் டிஜிகேம்: எங்கே நின்றுபோனது என்று பார்த்துச் சரிசெய்ய

அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதி வைக்கத்தான் நான் முதலில் டிஜிகேமை நிறுவினேன். கேடிஇ குழுவினரின் இலவச மென்பொருள் அது, 2001இலிருந்து வளர்ந்துவருகிறது. படங்களை ஆல்பமாகப் பிரிக்கலாம், டேக் போடலாம், முகங்களை அடையாளம் காட்டலாம், எல்லாம் நம் கணினிக்குள்ளேயே நடக்கும். அதன் பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலருக்கும் நிறுவிக் கொடுத்துவிட்டேன். கணினிதான் மாறுகிறது, வேலை நின்றுபோகும் இடங்கள் பெரும்பாலும் அதேதான்.

அந்த இடங்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. கட்டளைகளையும் மெனு பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

எந்தச் சிக்கலாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ஏற்கெனவே டிஜிகேம் பயன்படுத்தியவர் என்றால், அதை மூடிவிட்டு ‘டிஜிகேம்4’ என்று பெயருள்ள டிபி (டேட்டாபேஸ்) கோப்பைத் தேடி வேறொரு டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேறு இடம் சொல்லாதிருந்தால் பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருக்கும். போட்ட டேக், நட்சத்திரம், முகத்தின் பெயர், ஆல்பக் குறிப்பு எல்லாம் அந்த ஒரே கோப்பில்தான். பக்கத்திலேயே ‘ரெகக்னிஷன்’ என்று ஒன்று இருக்கும்; முகங்களைப் பழக்கியது அதில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘தம்ப்நெயில்ஸ்’ என்று தொடங்குவதை விட்டுவிடலாம், எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். மென்பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து நிறுவலாம். அந்த டிபி கோப்பு போய்விட்டால் உட்கார்ந்து எழுதிய உழைப்பு போயிற்று.

பேக்கேஜையே காணோம் என்கிறது

‘அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்’ என்று வந்தால் முதலில் சூடோ ஆப்ட் அப்டேட் கொடுத்துவிட்டு, மறுபடி சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிஜிகேம் கொடுங்கள். உபுண்டுவில் டிஜிகேம் ‘யுனிவர்ஸ்’ என்ற தொகுப்பில் இருக்கிறது. ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ திறந்து அந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘குட் நாட் கெட் லாக்’ என்று வந்தால் பின்னணியில் கணினி தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டிருக்கிறது. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். லாக் கோப்பை அழித்துவிடு என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து கேட்காதீர்கள். பாதியில் அறுந்த நிறுவலைச் சரிசெய்வது காத்திருப்பதைவிடப் பெரிய வேலை.

ஆப்இமேஜை இரட்டைக் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை

உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் விநியோகத்தோடு வரும் டிஜிகேம் பழையதாக இருக்கும். உபுண்டு 22.04இல் 7.5, 24.04இல் 8.2. புதியது வேண்டும் என்பவர்கள் டிஜிகேம் தளத்திலிருந்து ஆப்இமேஜ் கோப்பை (நிறுவாமலே அப்படியே இயக்கக்கூடிய ஒற்றைக் கோப்பு) இறக்குவார்கள். நல்ல வழிதான், ஆனால் இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, அனுமதி. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ் போய், நிரலாக இயக்க அனுமதிக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள்.

இரண்டாவது, ஃபியூஸ். டிக் போட்டும் திறக்கவில்லை என்றால் அதே கோப்பை டெர்மினலுக்குள் இழுத்துப் போட்டு என்டர் தட்டுங்கள். ‘லிப்ஃபியூஸ்’ இல்லை, ஆப்இமேஜ் இயங்க ஃபியூஸ் தேவை என்று ஒரு வரி வரும். 22.04இலிருந்து உபுண்டு அந்தப் பழைய நூலகத்தைத் தானாகச் சேர்ப்பதில்லை. 22.04இலும் அதன் மேல் கட்டிய மின்ட் 21இலும் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ஃபியூஸ்2 என்று கொடுங்கள். 24.04, மின்ட் 22 என்றால் அந்தப் பெயரின் கடைசியில் டி64 ஒட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே கவனம் தேவை. ‘லிப்’ இல்லாமல் வெறும் ‘ஃபியூஸ்’ என்ற பேக்கேஜை நிறுவிவிடாதீர்கள். அது ஃபியூஸ்3ஐ நீக்கும், அதோடு சேர்ந்து டெஸ்க்டாப்புக்குத் தேவையான சிலதும் போய்விடக்கூடும். ஆப்ட் எதையாவது நிறுவும்போது ‘நீக்கப்படுபவை’ என்று ஒரு பட்டியல் காட்டினால், அதை வாசிக்காமல் ஒய் தட்டக் கூடாது.

திறக்கிறது, ஆனால் ஐகான்களே இல்லை

க்னோம், சினமன் டெஸ்க்டாப்களில் வருவது. ப்ரீஸ்-ஐகான்-தீம் என்ற பேக்கேஜை நிறுவி, டிஜிகேம் செட்டிங்ஸில் மிஸலேனியஸ், அப்பியரன்ஸ் போய் ஐகான் தீமை ‘ப்ரீஸ்’ ஆக்குங்கள். மூடித் திறந்தால் வந்துவிடும். கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து தெரிந்தால் செட்டிங்ஸ் மெனுவில் தீம்ஸ் மாற்றினால் போதும்.

திறந்த உடனே மூடிக்கொள்கிறது

டெர்மினலில் டிஜிகேம் என்று தட்டித் திறந்து, மூடுவதற்கு முன் வந்த கடைசிப் பத்து வரிகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே விடை இருக்கும். ‘வேலண்ட்’ (திரையில் சன்னல்களைக் காட்டும் அமைப்பு) என்ற சொல் அடிபட்டால், லாகவுட் செய்து, லாகின் திரையின் கீழ்மூலையில் உள்ள பல்சக்கரத்தில் ‘உபுண்டு ஆன் எக்ஸார்க்’ இருந்தால் அதைத் தேர்ந்து உள்ளே வந்து பாருங்கள். முகம் தேடத் தொடங்கும்போது மட்டும் விழுந்தால் செட்டிங்ஸில் மிஸலேனியஸ், சிஸ்டம் போய் ஓப்பன்சிஎல் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய கிராஃபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினிகளில் இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

முதல் முறை திறக்கும்போது கேள்வியாகக் கேட்கிறது, என்ன பதில் சொல்ல?

இது பிழை இல்லை. ஆனால் பின்னால் வரும் பிழைகளில் பாதி இங்கே சொன்ன பதிலில் பிறக்கிறது, அதனால் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

படங்கள் எங்கே என்று கேட்கும். படங்கள் வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தால் இந்தக் கட்டத்தில் பிக்சர்ஸ் ஃபோல்டரையே சொல்லிவிட்டு மேலே போங்கள். டிஸ்கை அப்புறம் தனியாகச் சேர்க்கலாம், கீழே சொல்கிறேன்.

டேட்டாபேஸ் எங்கே, எந்த வகை என்று கேட்கும். வீட்டில் ஒருவர் பயன்படுத்துவதற்கு எஸ்க்யூலைட் போதும். இடம் கணினியின் உள் டிஸ்காக இருக்கட்டும். நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் எஸ்க்யூலைட் கோப்பை வைக்கவே வைக்காதீர்கள். பூட்டு சரியாக வேலை செய்யாது, ஒருநாள் கோப்பு கெட்டுப்போகும். இரண்டு மூன்று கணினிகளிலிருந்து ஒரே தொகுப்பைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு மரியாடிபி என்ற வேறு வகை டேட்டாபேஸ் இருக்கிறது.

அப்புறம், மெட்டாடேட்டாவை, அதாவது நீங்கள் போடும் டேக், பெயர், கேப்ஷன் போன்ற விவரங்களை, படக் கோப்புக்குள் எழுதட்டுமா என்று கேட்கும். ‘எதுவும் செய்யாதே’ என்ற பதில் பாதுகாப்பானது போலத் தோன்றும். நான் அதைத்தான் தேர்ந்தேன். அதன் விலையை அடுத்த தலைப்பில் சொல்கிறேன். நீங்கள் ‘கோப்பில் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

‘இதைவிடப் புதிய பதிப்பு இந்த டேட்டாபேஸைப் பயன்படுத்தியிருக்கிறது’ என்று சொல்லித் திறக்க மறுக்கிறது

விநியோகத்தின் பழைய டிஜிகேமும் ஆப்இமேஜின் புதிய டிஜிகேமும் ஒரே கணினியில் இருந்தால் இது நடக்கும். புதியது ஒருமுறை திறந்ததும் டேட்டாபேஸின் உள்ளமைப்பைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும். அதன் பிறகு பழையதால் அதை வாசிக்க முடியாது. மெனுவில் இரண்டுக்கும் ஒரே ஐகான் இருப்பதால் எதைத் திறக்கிறோம் என்றே தெரியாது.

கோப்பு கெடவில்லை. எந்தப் புதிய பதிப்பில் கடைசியாகத் திறந்தீர்களோ அதிலேயே, அல்லது அதற்கும் புதியதில் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். அதைச் சரிபார்த்த பிறகு பழையதை சூடோ ஆப்ட் ரிமூவ் டிஜிகேம் கொடுத்து நீக்கிவிடுங்கள். ஒரு கணினியில் ஒரே வழியில் நிறுவிய ஒரே டிஜிகேம்தான் இருக்க வேண்டும். ஃப்ளாட்பேக்கில் (மென்பொருளைத் தனிப் பொதியாக நிறுவும் இன்னொரு வழி) நிறுவியவர்களுக்கும் இதே விதிதான்.

எனக்கு இது வந்தபோது இவ்வளவு தெரியாது. டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து, டிபி கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். படங்கள் எல்லாம் திரும்ப வந்தன. படக் கோப்புக்குள் எழுதாததால் பெயர் ஒன்றுகூட இல்லை. அத்தையின் பக்கத்தில் மூன்று வாரம் மாலை மாலையாக உட்கார்ந்து எழுதியவை. கல்யாணப் படம் ஒன்றில் மட்டும் 26 பேர். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் யார், முதல் வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருப்பவர் எந்த ஊர் என்பதுவரை சொல்லியிருந்தார். மறுபடி போய் உட்கார்ந்தேன். கோபித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து சொன்னார். ஆனால் முதல் முறை பெயர் சொன்ன இரண்டு பேரை இந்த முறை அவரால் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு முகங்களுக்கும் இன்றும் பெயர் இல்லை.

அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன், இந்தச் செய்தி வந்தால் எதையும் அழிக்காதீர்கள்.

வெளி ஹார்ட் டிஸ்கில் உள்ள படங்கள் தெரியவில்லை

முதலில், எப்படி நிறுவினீர்கள் என்று பாருங்கள். ஸ்னாப் (உபுண்டுவின் தனிப் பொதி முறை) வழியாக என்றால் வெளி டிஸ்கைத் தொட அதற்குத் தனி அனுமதி வேண்டும். உபுண்டுவின் ஆப் சென்டரிலோ செட்டிங்ஸிலோ டிஜிகேமின் அனுமதிப் பட்டியலைத் திறந்து ‘ரிமூவபிள் மீடியா’ போன்ற வரியை இயக்குங்கள். ஃப்ளாட்பேக்கில் ‘ஃப்ளாட்சீல்’ என்ற சிறு செயலியில் எந்தெந்த ஃபோல்டருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம்.

அனுமதி சரி, ஆனாலும் டிஸ்கைச் சொருகாமல் திறந்தால் ஆல்பங்கள் காணாமல் போகின்றனவா? செட்டிங்ஸில் கலெக்ஷன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். உள் டிஸ்க், எடுத்துச்செல்லும் டிஸ்க், நெட்வொர்க் என்று மூன்று பிரிவு இருக்கும். வெளி டிஸ்கை இரண்டாவதில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் டிஸ்க் இல்லாத நேரத்தில் ‘இப்போது இணைப்பில் இல்லை’ என்று புரிந்துகொண்டு பெயர்களைப் பத்திரமாக வைத்திருக்கும்.

டிஜிகேம் ஒரு டிஸ்கை அதன் யூயூஐடி என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. பழைய டிஸ்கிலிருந்து புதிய டிஸ்குக்கு எல்லாவற்றையும் நகலெடுத்தால் எண் மாறிவிடும், கலெக்ஷன் தெரியாது. அப்போது பழைய வரியை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கத் தோன்றும். நீக்காதீர்கள், பெயர்களும் சேர்ந்து போகும். புதிய பதிப்புகளில் அதே வரியின் பக்கத்தில் பாதையை மாற்றும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் புதிய டிஸ்கின் ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

படம் தெரிகிறது, ஆனால் எதையும் எழுத முடியவில்லை

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், விண்டோஸ் பகுதியில் உள்ள படங்களுக்கு இது வரும். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ கணினியை முழுதாக அணைப்பதில்லை. பாதி நினைவை டிஸ்கில் எழுதிவிட்டுத் தூங்கும். அந்த நிலையில் டிஸ்கில் எழுதுவது ஆபத்து என்று லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் திறக்கிறது. விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள். நிரந்தரமாகத் தீர, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள்.

ஐபோன் படங்கள் காலிக் கட்டமாக வருகின்றன

2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து ஐபோன் ஹைஃப் வடிவில் படம் சேமிக்கிறது. டிஜிகேமின் ஆப்இமேஜ் அதைத் தானாகவே வாசிக்கும். ஃபைல் மேனேஜரிலும் ஷாட்வெல் என்ற படச் செயலியிலும் தெரிய ஹைஃப்-ஜிடிகே-பிக்ஸ்பஃப் என்ற பேக்கேஜ் வேண்டும். கேனன் கேமராவின் சிஆர்3 கோப்புகள் திறக்கவில்லை என்றால் மென்பொருள் பழையது என்று அர்த்தம், புதிய பதிப்புக்குப் போங்கள்.

கேமராவோடு இணைக்க முடியவில்லை என்கிறது

யூஎஸ்பியில் சொருகியதும் ஃபைல் மேனேஜர் முந்திக்கொண்டு கேமராவைப் பிடித்துவிடும். ஒரே நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். பக்கப்பட்டியில் கேமரா பெயருக்கு அருகில் உள்ள எஜெக்ட் குறியை அழுத்திவிட்டு டிஜிகேமில் முயலுங்கள், வயரைப் பிடுங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் என்றால் போனில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்ந்து, ஃபைல் மேனேஜரிலேயே டிசிஐஎம் ஃபோல்டரை நகலெடுத்துவிடுங்கள். அதுவே வேகம்.

தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக, புரியாத எழுத்தாகத் தெரிகின்றன

மூன்றும் மூன்று வேறு நோய்.

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல் என்ற பேக்கேஜை நிறுவினால் தமிழ் எழுத்துருக்கள் மொத்தமாக வந்துவிடும்.

கேள்விக்குறியாக வந்தால் மொழி அமைப்பு தவறு. டெர்மினலில் லொகேல் என்று தட்டுங்கள். முதல் வரியில் லாங் என்பதற்கு எதிரே வெறும் சி என்றோ பாசிக்ஸ் என்றோ இருந்தால் அதுதான் காரணம். செட்டிங்ஸில் மொழியை இந்திய ஆங்கிலமாகவோ தமிழாகவோ மாற்றி, லாகவுட் செய்து வாருங்கள்.

ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்து அர்த்தமில்லாமல் வந்தால், அது பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய குறிப்பாக இருக்கலாம். அடையாளம் சுலபம்: புள்ளி வைத்த எழுத்து வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். அந்த எழுத்துகள் யூனிகோடு அல்ல, எந்த எழுத்துருவை நிறுவினாலும் தமிழாகாது. எழுத்தைத்தான் மாற்ற வேண்டும். பைத்தானில் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற நூலகம் இதைச் செய்யும். கொஞ்சம்தான் என்றால் இணைய மாற்றியில் ஒட்டி எடுத்துக்கொள்ளலாம். நண்பர் ஒருவர் தன் அப்பா வைத்திருந்த படக் குறிப்புகளை வைரஸ் தாக்கிய குப்பை என்று நினைத்திருந்தார். மாற்றிப் பார்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் தேதியும் ஊரும் இருந்தன.

இன்னொன்று: விண்டோஸில் தமிழில் நீளமாகப் பெயர் வைத்த கோப்பை லினக்ஸ் டிஸ்குக்கு நகலெடுத்தால் ‘பெயர் மிக நீளம்’ என்று மறுக்கும். லினக்ஸ் டிஸ்கின் எக்ஸ்ட்4 என்ற கோப்பு அமைப்பில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘கிருஷ்ணமூர்த்தி’ கண்ணுக்கு 8 எழுத்து, டிஸ்குக்கு 15 குறி, 45 பைட். ஆக ஐந்து கிருஷ்ணமூர்த்திக்கு மேல் ஒரு பெயரில் அடங்காது. கோப்புப் பெயரைச் சுருக்கமாக வைத்து, விவரத்தைக் கேப்ஷனில் எழுதுங்கள்.

முகங்களைக் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது, அல்லது கணினி உறைந்துபோகிறது

முகம் காண உதவும் மாதிரிக் கோப்புகள் டிஜிகேமோடு வருவதில்லை. முதல் முறை திறக்கும்போது சில நூறு எம்பி பதிவிறக்கக் கேட்கும். நெட் அறுந்து பாதியில் நின்றிருந்தால் அமைதியாக ஒன்றும் கண்டுபிடிக்காது. செட்டிங்ஸில் மிஸலேனியஸ், சிஸ்டம் போனால் தேவையான தரவை மறுபடி பதிவிறக்கும் பொத்தான் இருக்கிறது.

உறைந்துபோனால் நினைவகம் பற்றவில்லை. 4 ஜிபி கணினியில் மொத்தத் தொகுப்பையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் ஆல்பம் ஆல்பமாகக் கொடுங்கள், எல்லா கோர்களிலும் வேலை செய் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய ஸ்கேன்களில் பத்து முகத்துக்கு நான்கைத்தான் பிடிக்கும். மீதியை நீங்களே சுட்டியால் கட்டம் போட்டுப் பெயர் எழுதலாம். நான் அப்படித்தான் முடித்தேன்.

என் கணினியில் பெயர் தெரிகிறது, படத்தை அனுப்பினால் அங்கே தெரியவில்லை

பெயர்கள் இன்னும் டேட்டாபேஸில் மட்டுமே இருக்கின்றன. செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பக்கத்தில் டேக், முகம், கேப்ஷன் மூன்றுக்கும் எதிரே டிக் போடுங்கள். ஆனால் அது இனி எழுதுவதற்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே எழுதியவற்றுக்கு டூல்ஸ் மெனுவில் மெயின்டெனன்ஸ் திறந்து, மெட்டாடேட்டாவை டேட்டாபேஸோடு ஒத்திசைக்கும் வரியைத் தேர்ந்து, திசை ‘டேட்டாபேஸிலிருந்து படத்துக்கு’ என்று இருக்கிறதா என இரண்டு முறை பாருங்கள். எதிர்த்திசையில் ஓட்டினால் படக் கோப்பில் இருக்கும் பழைய விவரம் டேட்டாபேஸில் உள்ளதன் மேல் ஏறிவிடும். ரா கோப்புகளுக்குள் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படங்கள்) எழுத வேண்டாம். பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்பாக எழுதச் சொல்லலாம். அப்போது படத்தை நகர்த்தும்போது அதையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு படத்தைத் தனியாக டெஸ்க்டாப்பில் நகலெடுத்து, டெர்மினலில் எக்ஸிஃப்டூல் என்று தட்டி, இடைவெளி விட்டு, படத்தை உள்ளே இழுத்துப் போட்டு என்டர் அழுத்துங்கள். வரிசையாக வரும் விவரங்களின் நடுவே நீங்கள் எழுதிய பெயர்கள் தமிழிலேயே நிற்க வேண்டும். அந்தக் கல்யாணப் படத்துக்கு எனக்கு 24 பெயர்கள் வந்தன.